எண்ணிக்கை காட்டும் கோளாறு

கேட்ட தரவை வட்டிலிருந்தோ எஸ்டி அட்டையிலிருந்தோ எடுத்து முடித்ததும் சேமிப்பகக் கட்டுப்படுத்தி செயலிக்கு அனுப்பும் அறிவிப்பே இன்டரப்ட். அது போய்ச் சேராவிட்டால், தரவு நினைவகத்தில் தயாராக இருந்தும் டிரைவர் காத்திருந்து 'டைம்அவுட்' எனக் கைவிட்டுவிடும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' போன்ற ரிஸ்க்-ஃபைவ் செயலியை எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றி லினக்ஸை ஓட்ட முனையும் மாணவர் எவரும் இதை எதிர்பார்த்திருப்பது நல்லது. ஏனெனில் அத்தகைய பலகையில் வன்பொருளின் இணைப்புகளே ஒவ்வொரு வடிவமைப்புக்கும் மாறக்கூடியவை.

டிரைவரின் நிரலில் கைவைக்கும் முன், கெர்னல் தரும் இன்டரப்ட் எண்ணிக்கைப் பட்டியலைப் பார்ப்பதே முறை. எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால், எந்தச் சாதனத்துக்கு எந்த இன்டரப்ட் எண் என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையே முதலில் ஐயுற வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் இன்டரப்ட் பகிர்வகமான பி.எல்.ஐ.சி.யில் 0 என்பது 'இன்டரப்ட் இல்லை' என்று பொருள்படுவதால் எண்கள் 1இலிருந்தே தொடங்குகின்றன; ஆகவே ஓர் எண் தள்ளிப்போவது வெகு எளிது. மாறாக எண்ணிக்கை வெள்ளமாகப் பெருகினால், சாதனத்தின் சமிக்ஞை அணைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். 1,00,000 இன்டரப்டுகளில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் பொறுப்பேற்காதபோது லினக்ஸ் அந்த வழியையே மூடிவிடுகிறது.

மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது வகை: எண்ணிக்கை 1 ஆகி, அதற்குமேல் நகராதது. பி.எல்.ஐ.சி.யிடமிருந்து செயலி ஓர் இன்டரப்டை ஏற்று, கையாண்டபின் 'முடிந்தது' என்று எழுதினால்தான் அதே மூலத்திலிருந்து அடுத்தது வரும். ஆனால் அந்த மூலம் அப்போது முடக்கப்பட்டிருந்தால், அவ்வாறு எழுதுவதை பி.எல்.ஐ.சி. ஓசையின்றிப் புறக்கணிக்கும் என்பது அதன் வரையறையிலேயே உள்ள விதி. கையாளும் பணியைத் தனி இழைக்குத் தள்ளி, அது முடியும்வரை இன்டரப்டை முடக்கிவைக்கும் டிரைவர்கள் இந்தப் பொறியில் விழுந்தன. கணநேரம் முடக்கம் நீக்கி, 'முடிந்தது' என எழுதி, மீண்டும் முடக்கும் திருத்தம் 2021இல்தான் லினக்ஸில் சேர்ந்தது. பலகையுடன் கிடைக்கும் கெர்னல் அதற்கு முந்தையதாயின், டிரைவரில் பிழை தேடுவது வீண். அத்திருத்தத்தை எடுத்துச் சேர்ப்பதே குறுக்குவழி.