காளான் அறைக்கு கன்ட்ரோலர்: கடலோரக் குறிப்புகள்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் வீட்டு அறையில் காளான் வளர்ப்பவர்களுக்கு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே கவனிக்கும் கன்ட்ரோலர் பெரிய துணை. வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் இவற்றைக் கவனியுங்கள்:

● முதலில் ரகத்தை முடிவு செய்யுங்கள். பால் காளான் 30–35 டிகிரி செல்சியஸில் நன்றாக வரும். நம் வெயிலுக்கு ஏற்றது. சிப்பிக் காளானுக்கு 20–28 டிகிரி வேண்டும். மார்கழி, தை மாதங்களில் குளிரூட்டும் செலவு குறையும். இரண்டுக்கும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

● சென்சாரைக் காளான் பைகளின் உயரத்தில் தொங்கவிடுங்கள். கதவு, மின்விசிறி, தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் அருகில் வேண்டாம்.

● ஃபாகர் 80 சதவீதத்தில் ஓடத் தொடங்கி 88-இல் நிற்கட்டும். இடைவெளி மிகக் குறைந்தால் மோட்டார் அடிக்கடி நின்று ஓடிப் பழுதாகும்.

● மோட்டாரை கன்ட்ரோலரில் நேராக இணைக்காமல் கான்டாக்டர் (அதிக மின்சுமையைத் தாங்கும் ஸ்விட்ச்) வழியாக இணைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

● உப்புக்காற்று செம்பு முனைகளை அரிக்கும். கருவிப் பெட்டியை அறைக்கு வெளியே, ரப்பர் விளிம்புள்ள மூடியோடு பொருத்துங்கள். முனைகளில் பச்சை படிகிறதா என்று மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

● சென்சாரைச் சோதிக்க, சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, சென்சாரோடு காற்றுப்புகாத டப்பாவில் இரவு முழுதும் வையுங்கள். உப்பு சென்சாரில் படக் கூடாது. காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

● தண்டு நீண்டு குடை சிறுத்தால் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். டைமர் வைத்து எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டுங்கள்.

● மின்வெட்டுக்கு ஈரச் சாக்கும் கைத்தெளிப்பானும் தயாராக இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.