வெட்டுக்கிளிக்குள் ஒரு குட்டி வளையம்

கேள்வி: வெட்டுக்கிளியின் முழு மரபணுத்தொகுதியை விட்டுவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை மட்டும் பல ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துவது ஏன்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: முழுத்தொகுதி அவ்வளவு பெரிது, அதனால்தான். கூட்டமாய்ப் பறந்து பயிரை அழிக்கும் 'லோகஸ்டா மைக்ரடோரியா'வின் உட்கரு டிஎன்ஏ ஏறத்தாழ 650 கோடி எழுத்துகள். மனிதனுக்கே அதில் பாதிதான்! அதன் வரைவு 2014-இல்தான் வெளிவந்தது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள வட்ட டிஎன்ஏவோ வெறும் 15,722 எழுத்து, 37 மரபணு. 1995-லேயே முழுதாகப் படித்துவிட்டார்கள். ஒரு செல்லில் ஏராளமான பிரதிகள் இருப்பதால், பின்னங்கால் தொடைத் தசையில் துளி கிடைத்தால் போதும்.

தாய்வழியாகவே கடத்தப்படுவதால் வம்சாவளி பார்க்கவும் வசதி. பல நாடுகளில் பிடித்த பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரிய வரிசைகளை ஒப்பிட்டு, இந்த இனம் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கு, தெற்கு என இரு கிளைகளாகப் பரவியது என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது.

ஆனால் வெட்டுக்கிளியிடம் ஒரு வில்லங்கம் உண்டு. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் துண்டுகள் காலப்போக்கில் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, செயலிழந்து கிடக்கின்றன. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையைச் செய்யும்போது அசலுக்குப் பதில் இந்தப் போலி பெருகிவிடும். ஒரே இனத்தை இரண்டு என்று அறிவிக்கும் அபத்தமும் நேரலாம். புரத மரபணுவின் நடுவே 'நிறுத்து' குறியீடு வந்தால் அது பெரும்பாலும் போலிதான். சிறு துண்டுகளாக அல்லாமல் வளையத்தை நீளமான துண்டுகளாகப் பெருக்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.