பார்வை போன ஆசிரியரிடம் வாங்கிய விருப்ப ஓய்வுக் கடிதம் செல்லுமா?

கேள்வி: என் மனைவி அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் 2006 முதல் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். சம்பளம் கருவூலம் வழியாகத்தான் வந்தது. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் பார்வை படிப்படியாகப் போய்விட்டது. “இனி உங்களால் முடியாது, மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள்” என்று நிர்வாகத்தினர் சொல்லி, தாங்களே தட்டச்சு செய்து வைத்திருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் விரல் வைத்துக் காட்டினாராம். அப்போது என் மனைவிக்கு வயது 51. இரண்டரை வருடம் ஆகிறது. வேலை திரும்பக் கிடைக்குமா? இல்லையென்றால் எங்கள் மகனுக்காவது அந்த வேலையைக் கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள்; இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே விஷயம்தான். கையெழுத்து வாங்கிய அன்று, உங்கள் மனைவியை வேலையில் வைத்திருக்க வேண்டிய சட்டக் கடமை நிர்வாகத்துக்கு இருந்தது. அந்தக் கடமையை அவரிடம் சொல்லாமல் வாங்கிய கடிதத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4) இதைச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக்கூடாது. பதவியைக் குறைக்கவும் கூடாது. வகித்துவந்த பணிக்கு அவர் பொருந்தவில்லையென்றால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப்பயன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணி காலியில்லையென்றால், அது கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ அவருக்கென்று கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். “நாங்கள் தனியார் நிர்வாகம்” என்ற பதில் வரும். அரசின் உதவி பெறும் அமைப்பும் ‘அரசு நிறுவனம்’தான் என்று அதே சட்டத்தின் வரையறை சொல்கிறது. அரசிடம் ஒரு ரூபாயும் வாங்காத பள்ளியாக இருந்திருந்தால், இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுத்திருக்காது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான தீர்ப்பு ஒன்று உண்டு. பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த பகவான் தாஸ் பணிக்காலத்தில் முழுப் பார்வையையும் இழந்தார். தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மனைவிக்கு ஒரு வேலை தரும்படி அவரே எழுதிக் கொடுத்தார். வாரியம் ஓய்வை மட்டும் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2008-இல் அதை ரத்து செய்து, பணிப்பயன்களோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. தன் உரிமை தெரியாத ஊழியரின் கடிதத்தைக் காட்டி, சட்டம் விதித்த கடமையிலிருந்து நிர்வாகம் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். அது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அந்தப் பாதுகாப்பு 2016 சட்டத்திலும் தொடர்கிறது.

மகனுக்கு வேலை கேட்கும் மனுவைத் தயவுசெய்து போடாதீர்கள். தாயால் இனி வேலை செய்ய முடியாது என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக அதை எதிர்த்தரப்பு காட்டும். அது உண்மையும் இல்லை. பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் இந்தச் சட்டமே ஒரு சதவீத இடஒதுக்கீடு தந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்வையில்லாமல் பணிக்கு வரும் ஒருவர் பாடம் நடத்தலாம், பல வருடம் அதே பாடத்தை நடத்திப் பழகியவர் பார்வை போனதும் நடத்தக்கூடாது என்றால் அதில் என்ன நியாயம்? திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், விடைத்தாள் திருத்த உதவியாளர் போன்ற வசதிகளைக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இனிச் சொல்வது கசக்கும். சொல்லாமல் விட முடியாது. இரண்டரை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மகள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற கெடு இல்லை என்பது சரி. ஆனால் காரணமில்லாத தாமதம் ஒன்றே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதும். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் ஆட்சியருக்கும் மனு மேல் மனு போட்ட கணக்கு அந்தத் தாமதத்தைத் துடைக்காது. அதைவிடக் கவலை, உங்களிடம் காகிதமே இல்லை. கையெழுத்திட்ட கடிதத்துக்கு நகல் இல்லை. ஓய்வை ஏற்ற உத்தரவு இல்லை. ஊனச் சான்றிதழ்கூட இன்னும் வாங்கவில்லை! பார்வை போனது பணியில் சேர்ந்த பிறகுதான் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

கடிதத்தில் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்றுதான் இருந்ததாகச் சொல்கிறீர்கள். கண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், நிர்வாகம் அதைத்தான் கேடயமாகப் பிடிக்கும். அதை உடைக்க, கண் சிகிச்சைக்காக அவர் எடுத்த மருத்துவ விடுப்பு விண்ணப்பங்கள் வேண்டும். அவருடைய பார்வை நிலை நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அவையே சாட்சி. விரல் வைத்துக் காட்டிய விவரத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். கையெழுத்துப் போடும் இடம் தெரியாதவர் கடிதத்தை வாசித்திருக்க முடியாது. தேதியை யார் எழுதினார், அறையில் வேறு யார் இருந்தார் என்பதை அவர் நினைவிலிருந்து இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

“கரும்பலகையில் இருப்பதை வாசித்தாரே, இவருக்கு எப்படிப் பார்வை இல்லை?” என்றும் கேட்பார்கள். கிளாக்கோமாவில் நேரெதிரே உள்ள எழுத்து தெரியும், பக்கத்தில் உள்ள பெஞ்சு தெரியாது. அதனால்தான் சட்டத்தின் அட்டவணை பார்வைக் கூர்மையோடு பார்வைப் பரப்பையும் அளக்கிறது. பரப்பு 10 டிகிரிக்குக் கீழ் போனால் அதுவும் பார்வையின்மைதான். ஆகவே ஊனச் சான்றிதழுக்குப் போகும்போது பார்வைப் பரப்புச் சோதனை அறிக்கைகளை, பழையதிலிருந்து எல்லாவற்றையும், கொண்டுபோங்கள்.

அடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு உங்கள் மனைவி பெயரிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு அனுப்புங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கடிதம், ஏற்பு உத்தரவு, பணிப்பதிவேடு, சேர்ந்தபோது கொடுத்த உடல்தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்பை நேரில் பார்வையிட விரும்பினால், பார்வையற்றவருக்குத் தேவையான உதவியைத் தகவல் அலுவலர் செய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 7(4) சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். ஆனால் அவர் செய்யக்கூடியது பரிந்துரைதான். ஏற்கெனவே இவ்வளவு தாமதமான நிலையில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. முழுச் சம்பள பாக்கியும் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். தாமதித்த காலத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். பணப்பயன் ஏதாவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லும் கருத்து இது. ஆவணங்களைப் பார்த்தால் மாறக்கூடும். பணியியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை மதுரையில் இந்த மாதமே நேரில் பாருங்கள். தகவல் மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம்: மாற்றுத்திறனாளி என்ற முறையில் உங்கள் மனைவிக்கு இலவச சட்ட உதவி உண்டு, மதுரைக் கிளையின் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். அதுவரை பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது.