விண்ணப்பத்தில் நம்மை நாமே எழுதுவது எவ்வாறு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்னும் கேள்வி எழும்போது ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வு, முதுகலைப் படிப்பு என்னும் மூன்றே நம்மிடையே விடையாக வருகின்றன. எம்.பி.ஏ. என்னும் மேலாண்மைப் படிப்பு நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் சரியன்று என்பதையும், கொல்லிமலை போன்ற இடங்களிலிருந்து வரும் மாணவர் தம்மை எப்படி எடுத்துரைக்க வேண்டும் என்பதையும் இங்குக் காண்போம்.

படிப்பும் தகுதியும்

எம்.பி.ஏ. பட்டப்படிப்பு 1908-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் தோன்றியது. இந்தியாவில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். நிறுவனங்கள் தொடங்கப்பெற்றன. நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளிக்கு 2011-இல் ஐ.ஐ.எம். வந்தது. கிராமப்புற மேலாண்மைக்கென்றே குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979 முதல் ஒரு கல்வி நிறுவனம் உள்ளது. அதனை நிறுவியவர் பால்வளத்தைப் பெருக்கிய வர்கீஸ் குரியன் ஆவார்.

ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வை எழுத எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 விழுக்காடும் தேவை. தமிழக அரசின் இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களில் 7.5 விழுக்காடு. மலையாளிப் பழங்குடி மாணவர் பலர் இதனை அறியாமலே இருந்துவிடுகின்றனர். மாநிலக் கல்லூரிகளில் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’ தேர்வும் உண்டு.

எழுதும் முறை

நுழைவுத் தேர்வோடு முடிவதில்லை. ‘இப்படிப்பை ஏன் விரும்புகிறீர்? இதுவரை என்ன செய்தீர்?’ என்று கட்டுரை வழியாகவோ நேர்முகத்திலோ கேட்பார்கள். இங்குதான் நம்மவர் இரண்டு வழிகளில் தடுமாறுகின்றனர். ஒரு சாரார் மலையையும் தோட்டத்தையும் மறைத்து, ‘நான் கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவன்’ என்று எழுதுகின்றனர். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மற்றொரு சாரார் வறுமையை மட்டும் சொல்லி இரக்கத்தை நாடுகின்றனர். இரக்கம் பிறக்கலாம், ஆனால் திறமை வெளிப்படாது. செய்ததைச் செய்தவாறு கணக்கோடு சொல்வதே சிறந்த வழி.

சான்றாக, மிளகுத் தோட்டத்து மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதலாம்: “எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். எனவே உலர்ந்த மிளகின் விலை, பச்சை மிளகைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் காயவைக்கும் உழைப்புக்குப் பயன் உண்டு. இக்கணக்கை எழுதி வைத்து, எதை எப்போது விற்பது என்று வீட்டாருக்குச் சொல்வது என் பொறுப்பு.”

இதில் ‘தலைமை’ என்ற சொல்லே இல்லை. ஆனால் பொறுப்பும் சிந்தனையும் தெரிகின்றன. சோளக்காட்டுச் சந்தையிலேயே பலாப்பழத்தை விற்பதா, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வேன் வாடகை கொடுத்துக் கீழே கொண்டு செல்வதா என்று நம் வீட்டுப் பெரியோர் முடிவு செய்கிறார்களே, அதுவும் மேலாண்மைதான். அதற்கு நம்மிடம் பெயர் இல்லையே தவிர, அனுபவம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

செய்யாததை எழுதக் கூடாது. எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் நேர்முகத்தில் கேள்வி பிறக்கும். நம் பட்டப் பாடத்திலும் கேட்பார்கள். மிளகைப் பற்றி எழுதும் தாவரவியல் மாணவர் ‘பைப்பர் நைக்ரம்’ என்ற அதன் அறிவியற் பெயரையாவது சொல்ல வேண்டாமா? மதிப்பெண் குறைந்திருந்தாலோ ஓராண்டு படிப்பு தடைப்பட்டிருந்தாலோ காரணத்தை ஒரே வரியில் சொல்லி, பின்னர் என்ன செய்தோம் என்பதை எழுதினால் போதும்.

ஆங்கிலம் பலருக்கு அச்சம் தருகிறது. முதலில் தமிழில் எழுதி, சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்வது நல்லது. பேராசிரியர்கள் இலக்கணத்தைத் திருத்தலாம். செய்தி நம்முடையதாகவே இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, நம்மை ஆய்வகத்திலும் வகுப்பிலும் கண்டறிந்த ஆசிரியரிடம் கேட்பதே மேல். ‘நல்ல மாணவர்’ என்று மட்டும் எழுதாமல், தாம் நேரில் கண்ட ஒரு செயலையும் குறிப்பிடுமாறு நம் ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

முடிவுரை

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்க்கு விண்ணப்பம் எழுதிக் காட்ட வீட்டில் யாரும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய செய்தி வீட்டில்தான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே ஒரு குறிப்பேடு வைத்து, நாம் செய்யும் வேலை, எடுத்த முடிவு, அதன் விளைவு ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வருவோம். இறுதியாண்டில் விண்ணப்பத்தை எழுத அமரும்போது ‘என்னிடம் என்ன இருக்கிறது?’ என்று திகைக்க வேண்டிய நிலை வராது.