90 விநாடி போதாதபோது

கேள்வி: மின்தடைக்குப் பிறகு எங்கள் போஸ்ட்கிரெஸ் சர்வர் எழவே மாட்டேன் என்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ‘டைம்அவுட்’ காட்டி நின்றுவிடுகிறது. தரவு கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது, பதற வேண்டாம். திடீரென அணைந்த போஸ்ட்கிரெஸ், மீண்டும் எழும்போது கடைசி செக்பாயின்ட்டுக்குப் பிந்தைய டபிள்யூ.ஏ.எல். பதிவுகளை மறுபடி ஓட்டித் தரவைச் சீராக்கும். இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோ, 90 விநாடிக்குள் ‘தயார்’ என்ற சேதி வராவிட்டால் அதை நிறுத்திவிடும். அடுத்த முறையும் அதே வேலை முதலிலிருந்து தொடங்கும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் ‘டைம்அவுட்ஸ்டார்ட்செக்’ மதிப்பை ‘இன்ஃபினிட்டி’ ஆக்குங்கள். போஸ்ட்கிரெஸ் கையேடும் வரம்பை நீக்கவே சொல்கிறது. மூல சர்வீஸ் கோப்பில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் மாற்றம் போய்விடும். பிறகு சர்வரை மீண்டும் தொடக்கிவிட்டு, லாக்கைப் பார்த்தபடி காத்திருங்கள். அவசரத்தில் டபிள்யூ.ஏ.எல். கோப்புகளை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.