பதுளையிலிருந்து வளைகுடாவுக்கு எத்தனை மணி நேரம்?

கட்டுநாயக்காவிலிருந்து துபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். விமானம் அதை நாலரை மணி நேரத்தில் கடந்துவிடும். பதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை; ஆனால் பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் போய்விடும். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பயணக் கணக்கை லயத்து வாசலிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் வான்வழித் தூரம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்து இணையத்தில் தேடினால் கிடைக்கும். குவைத்துக்குச் சுமார் 4,140 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீற்றர் என்று வைத்து, அதை 850ஆல் வகுத்தால் 4.9 மணி நேரம். ஏறி இறங்க அரை மணிக்குச் சற்று மேல் கூட்டினால் ஐந்தரை மணி நேரம். லண்டன் ஹீத்ரோவுக்கு (சுமார் 8,700 கிலோமீற்றர்) இதே கணக்குப்படி ஏறத்தாழ பதினொரு மணி நேரம். உயரத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் அந்த நாட்டு நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கட்டார் இரண்டரை மணி நேரம் பின்னால். மாலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குத் துபாயில் இறங்கினால் மூன்று மணி நேரப் பயணம் என்று நினைக்கத் தோன்றும். ஒன்றரையைக் கூட்டினால்தான் உண்மையான நாலரை வரும். மகள் போய்ச் சேர்ந்தாளா என்று போனையே பார்த்திருக்கும் அம்மாவுக்கு அப்போது மணி இரவு பத்தரை.

இனி, மிகவும் கவனிக்க வேண்டிய தரைவழிப் பயணம். 12ஆம் திகதி அதிகாலை 2 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 11ஆம் திகதி இரவு 11 மணிக்கே கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். 12ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். பஸ்ஸுக்கு எட்டு மணி நேரம், வழித்தடங்கலுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், பதுளையை 11ஆம் திகதி பகல் 12 மணிக்கு விட வேண்டும். மடுல்சீமைக்காரர் காலை 10 மணிக்கே கிளம்பினால் நல்லது.

வழித்தடங்கலுக்கு ஒதுக்கிய அந்த மூன்று மணி நேரம் அதிகமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்புத்தளை, பெரகலை, அல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடப்படுவதுண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களையே மண் மூடியதை ஊவா மறக்காது. மழைக்காலமானால் முதல் நாளே கீழே இறங்கித் தங்குவதுதான் சரி.

ரயிலில் கொழும்புக் கோட்டைக்கு 292 கிலோமீற்றர். ஒன்பது, பத்து மணி நேரம் எடுக்கும், தாமதமும் சகஜம். அன்றைக்கே விமானம் பிடிக்க அதை நம்ப வேண்டாம். 2013இல் திறந்த மத்தளை விமான நிலையம் கட்டுநாயக்காவைவிடப் பதுளைக்குக் கிட்டேதான், ஆனால் அங்கிருந்து புறப்படும் விமானங்கள் மிகக் குறைவு.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே, தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய திகதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடமும் வேன்காரரிடமும் கொடுத்துவிடுங்கள்.