காவலர் வென்ற கோப்பை

திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையை அடுத்து அமைந்துள்ளது பழவங்காடி. புதிய செயலைத் தொடங்குவோர் இங்குள்ள கணபதி கோயிலில் தேங்காய் உடைத்து வழிபடுவர். அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மாலை நேரத்தில் அங்குச் சிறுவர் விளையாடும்போது ஒருவன் தமிழில் பந்தைக் கேட்பான். மற்றவன் மலையாளத்தில் விடை கூறுவான். ஆயினும், விளையாட்டின் பெயர் இருவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. தமிழர் 'கால்பந்து' என்பர். மலையாளிகள் 'கால்பந்துகளி' என்பர்.

பழவங்காடியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியாக வடக்கே சென்றால் பாளையம் வரும். அங்குள்ள சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம் காவல்துறைக்கு உரியது. திருடரைப் பிடிக்கும் காவலர்க்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு? அதற்கு விடை 1990-ஆம் ஆண்டின் கூட்டமைப்புக் கோப்பையில் உள்ளது.

'ஃபெடரேஷன் கோப்பை' எனப்பட்ட இப்போட்டி, இந்தியாவின் சிறந்த கால்பந்துக் கழகங்களுக்காக 1977-இல் கொச்சியில் தொடங்கியது. பெங்களூரு ஐ.டி.ஐ. அணி மோகன் பகானை வென்று முதற்கோப்பையைப் பெற்றது. மறு ஆண்டு கோயம்புத்தூரில் நடந்த இறுதியாட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சமநிலை அடைந்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. கேரள மக்கள் கால்பந்தின்மேல் பெருவிருப்பம் கொண்டவர்கள். எனினும் 1989 வரை கேரள அணி எதுவும் அக்கோப்பையை வென்றதில்லை.

தொடர்முறைப் போட்டியில் இன்று தோற்ற அணி நாளை வென்று ஈடுசெய்யலாம். வெளியேற்றுமுறையில் அதற்கு இடமில்லை. தோற்ற அணி அன்றே வெளியேறும். எட்டு அணிகள் மோதினால் ஏழு ஆட்டங்களில் வெற்றியாளர் யார் என்பது தெரிந்துவிடும். ஏனெனில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. ஆகவே, ஒருநாள் ஆட்டத்துக்காகப் பல ஆண்டுகள் ஆயத்தமாக வேண்டும்.

கேரளக் காவல்துறை 1984-இல் தன் கால்பந்து அணியை உருவாக்கியது. திறமையுள்ள இளைஞர்க்கு வேலையும் ஊதியமும் கிடைத்தன. அதனால் அவர்கள் கவலையின்றிப் பயிற்சி செய்ய முடிந்தது. வி. பி. சத்தியன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி ஆகியோர் அவ்வணியின் தூண்கள். ஐ. எம். விஜயனும் அவர்களுள் ஒருவர். அவர் திருச்சூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவ்வூர் விளையாட்டரங்கில் புட்டி பத்துக் காசு எனச் சோடா விற்றார். பதினேழாம் வயதில் அவர் காவல்துறை அணியில் சேர்ந்தார்.

1990-இல் இறுதியாட்டம் அதே திருச்சூரில் நடைபெற்றது. எதிரணி, முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற கோவாவின் சல்கோகர். காவலர் அஞ்சவில்லை. 2-1 என்னும் கணக்கில் வென்று, கேரளத்துக்கு முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றுத் தந்தனர். பிறர் ஆட்டத்தைக் காண வந்தோர்க்குச் சோடா விற்ற சிறுவன், அவ்வூரிலேயே வெற்றி அணியின் வீரராக நின்றார்.

அடுத்த ஆண்டு, சத்தியனின் சொந்த மாவட்டமான கண்ணூரில் மகிந்திரா அணியை வென்று, காவலர் மீண்டும் கோப்பையைக் கைப்பற்றினர். ஒருமுறை வென்றது நற்பேறு எனக் கூறியோர்க்கு இரண்டாம் வெற்றி விடையளித்தது. பின்னாளில் சத்தியனும் விஜயனும் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினர். 2025-இல் விஜயனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அக்கோப்பைப் போட்டி 2017-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. ஆயினும், அது உணர்த்திய உண்மை நிலைத்துள்ளது. வாய்ப்பு ஒருமுறையே வரலாம். அதற்கான உழைப்பு நாள்தோறும் வேண்டும்.

சொற்பொருள்
ஆயத்தம் – முன்னேற்பாடு
புட்டி – கண்ணாடிக் குப்பி
நற்பேறு – நல்வாய்ப்பு
ஈடுசெய்தல் – இழந்ததை நிறைவுசெய்தல்

விடையளிக்க
1. முதல் கூட்டமைப்புக் கோப்பையை வென்ற அணி எது?
2. தொடர்முறைக்கும் வெளியேற்றுமுறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வெளியேற்றுமுறையில் 16 அணிகள் மோதினால் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? காரணம் கூறுக.
4. காவல்துறை வேலை வீரர்களுக்கு எவ்வாறு உதவியது?

மொழிப்பயிற்சி
பிரித்து எழுதுக: முதற்கோப்பை, அவ்வணி, பெருவிருப்பம்.

செயல்பாடு
தமிழிலும் மலையாளத்திலும் ஒத்து வழங்கும் ஐந்து சொற்களை உம் மலையாள நண்பரிடம் கேட்டு எழுதுக.